டிமென்ஷியா உள்ள முதியவர்களோடு வேலை செய்ய ஓ.டி. மாணவர்களைத் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியில் (ஓ.டி.) மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரிடம் பக்கவாதம் வந்த ஒருவரை ஒப்படைத்தால், என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். தோளைத் தாங்குவார், விரல்களின் இறுக்கத்தைப் பார்ப்பார், உட்காரும் நிலையைச் சரி செய்வார். அதே மாணவரை டிமென்ஷியா (நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய்) உள்ள ஒரு பாட்டியின் முன்னால் உட்கார வைத்தால், கொஞ்ச நேரத்திலேயே கேள்வித்தாளை எடுத்துவிடுவார். "இன்னிக்கு என்ன கிழமை? இது எந்த மாசம்?" பாட்டிக்குப் பதில் தெரியாது. தனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாகவே தெரியும். முகம் சுருங்கிவிடும். அப்புறம் அன்றைக்கு அவர் எதற்கும் ஒத்துழைக்க மாட்டார்.

மாணவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நாம் கற்றுக்கொடுக்கும் வரிசைதான் தப்பு. முதலில் நோய், அடுத்து அளவுகோல், கடைசியில் நேரம் இருந்தால் மனிதர் என்று பாடம் போகிறது. ஓ.டி. என்ற துறையே அன்றாட வேலைகளை நம்பி நிற்பது. அதனால், டிமென்ஷியா உள்ள ஒருவர் ஒரு வேலையைச் செய்யும்போது அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்கும் கண் மாணவருக்கு முதலில் வர வேண்டும். மதிப்பெண் போடுவது அதற்குப் பின்னால்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியவை. ஓ.டி. ஆசிரியர்களையும் கிளினிக்கல் சூப்பர்வைசர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இன்டர்ன்ஷிப் போகப்போகும் மாணவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு போதும். லாசி-டாட் என்ற தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீடு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்கள் இருப்பது வீட்டில். பார்த்துக்கொள்வது மனைவி, மகள், மருமகள். எனவே மாணவரைக் கிளினிக்குக்கு மட்டும் தயார் செய்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

படி 1: நோயை வேலையின் வழியாகச் சொல்லிக்கொடுங்கள்

மூளையில் எந்தப் புரதம் எங்கே படிகிறது என்பதை மாணவர் பரீட்சைக்குப் படித்துவிடுவார். வகுப்பில் நாம் பேச வேண்டியது, ஒவ்வொரு வகையிலும் அன்றாட வேலை எப்படிக் கெடுகிறது என்பதை.

அல்சைமரில் புதிய விஷயம் நிற்காது. காலையில் சொன்னதை மதியம் திரும்பச் சொல்ல வேண்டும். ஆனால் கை பழகிய வேலைகள் வெகுகாலம் இருக்கும். பேத்தியின் பெயர் நினைவில்லாத பாட்டி மல்லிகை கொடுத்தால் மடமடவென்று கட்டிவிடுவார். ரத்தக்குழாய்ப் பாதிப்பால் வரும் வாஸ்குலர் டிமென்ஷியாவில் யோசனை மெதுவாகும், திட்டமிடுவது சிரமமாகும். ஒவ்வொரு பாதிப்புக்கும் ஒரு படி இறங்குவது போல நிலை மாறலாம். லூயி பாடி வகையில் ஒரே நாளில் காலை ஒரு மாதிரி, மாலை ஒரு மாதிரி இருப்பார். இல்லாத ஆட்களோ விலங்குகளோ கண்ணுக்குத் தெரியும். உடல் இறுக்கம், தடுமாறி விழுதல் உண்டு. "காலையில செஞ்சாரே, இப்ப வேணும்னே செய்ய மாட்டேங்கிறார்" என்று வீட்டில் சண்டை வருவது இவர் விஷயத்தில்தான் அதிகம். ஃப்ரன்டோடெம்போரல் வகையில் ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே நடத்தை அல்லது பேச்சு மாறிவிடும். பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கும். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆளாகக்கூட இருக்கலாம்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கையை மாணவர் மனதில் ஆழப் பதிய வைக்க வேண்டும். நேற்று வரை ஓரளவு பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று குழம்பினாலோ, தூங்கி வழிந்தாலோ, அது டிமென்ஷியா முற்றியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல்நலக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமான டெலிரியமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைய தெரபியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகக் கண்டுபிடிக்கும் மாணவர் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடும்.

காதும் கண்ணும் இதே பாடத்தில் வர வேண்டும். காது கேட்காதவரை 'புரியவில்லை' என்று எழுதிவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, கண்புரை உண்டா: முதல் நாள் இதைப் பார்க்காமல் எந்த மதிப்பீடும் வேண்டாம்.

படி 2: ஒரு டம்ளர் காபியை உடைத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வகுப்பில் ஃபில்டர் காபி போடச் சொல்லுங்கள். ஒருவர் போடட்டும், மற்றவர்கள் படிப்படியாக எழுதட்டும். முதலில் எல்லோரும் ஆறு, ஏழு படிதான் எழுதுவார்கள். இன்னும் நுணுக்கமாக என்று சொன்னால் பட்டியல் நீளும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தையும் கீழ் பாத்திரத்தையும் சரியாகப் பொருத்துவது, பொடி அளவு, மெதுவாக அமுக்குவது, கொதிக்கும் நீரை ஊற்றுவது, மூடுவது, டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருப்பது, இடையில் பாலை வைப்பது, பொங்கும்முன் அடுப்பைக் குறைப்பது, சர்க்கரை, கலப்பது, ஆற்றுவது, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் பார்ப்பது.

இப்போது கேளுங்கள்: டிமென்ஷியா உள்ளவருக்கு இதில் எது சிரமம்? சூடான பாத்திரம், அடுப்பு என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். அது பாதுகாப்புப் பிரச்சினை, சரிதான். ஆனால் பலருக்கு வேலை சிதறிப்போகும் இடம் அந்தக் காத்திருப்பு. கண்ணெதிரே எதுவும் நடக்காத அந்தக் கொஞ்ச நேரத்தில், தொடங்கிய வேலை மனதிலிருந்து நழுவிவிடும். திரும்ப வந்து ஃபில்டரைத் திறந்து இன்னொரு முறை பொடி போடுவார். இல்லாவிட்டால் அடுப்பில் பால் இருப்பதை மறந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இது புரிந்துவிட்டால் தீர்வு தானாக வரும். டிகாக்‌ஷனை மருமகள் முன்பே இறக்கி வைக்கட்டும். பால் காய்ச்சித் தயாராக இருக்கட்டும். பாட்டி கலந்து, சர்க்கரை போட்டு, டபராவில் ஆற்றிக் கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்தவருக்குத் தன் கையால் காபி கொடுத்த திருப்தி அவருக்குக் கிடைக்கிறது, ஆபத்தான பகுதி அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. வேலையைத் தரப்படுத்துவது என்று நாம் பாடத்தில் சொல்வது இதைத்தான்.

அடுத்து உதவியின் அளவு. மாணவர்கள் கை துறுதுறுப்பாக இருக்கும், உடனே பிடுங்கிச் செய்துவிடுவார்கள். குறைவான உதவியிலிருந்து தொடங்கி ஏறிப் போகும் வரிசையைப் பழக்குங்கள். முதலில் சும்மா காத்திருப்பது. மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள், அந்தப் பத்து எவ்வளவு நீளமானது என்று அப்போது தெரியும். அதற்கும் நடக்கவில்லை என்றால் ஒரே ஒரு வாக்கியம்: "சர்க்கரை போடுங்கம்மா." அப்புறம் பொருளைச் சுட்டிக்காட்டுவது, பொருளைக் கையில் கொடுப்பது, நாம் செய்துகாட்டுவது, அவர் கைக்கு அடியில் நம் கையை வைத்து வழிநடத்துவது. கடைசியில்தான் அந்த ஒரு படியை மட்டும் நாம் செய்வது. அடுத்த படியை மறுபடியும் அவரிடமே விட்டுவிட வேண்டும். எந்தப் படியில் எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று குறித்தால், அதுவே எந்த அளவுகோலையும்விடப் பயனுள்ள மதிப்பீடு.

காபி முடிந்ததும் வேட்டி கட்டுவது, சேலை கொசுவம் வைப்பது, மாத்திரை எடுப்பது என்று மாணவர்கள் தாங்களே உடைத்துப் பார்க்கட்டும்.

படி 3: பேச்சைப் பழக்குங்கள்

பேச்சு இயல்பாக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஒத்திகை வேண்டும். எதிரிலிருந்து அணுகுவது, நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து கண் மட்டத்துக்கு வருவது, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம், டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது. "என்னை ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியைத் தடையே செய்துவிடுங்கள். தினமும் போகிற மாணவராக இருந்தாலும் தினமும் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதைக் குடும்பத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு தலைமையாசிரியராக இருந்தவரைத் தாத்தா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம், "சார்" என்றால் நிமிர்ந்து உட்காருவார். குழந்தையிடம் பேசுவதுபோல "சமத்தா சாப்பிடு, செல்லம்" என்பது வேண்டவே வேண்டாம். பாசத்தில்தான் சொல்கிறார்கள் என்றாலும் அது அந்த மனிதரைச் சிறுமைப்படுத்துகிறது.

ஒத்திகைக்கு மிக நல்ல சூழல் ஒன்று இருக்கிறது. டிமென்ஷியா உள்ள ஒரு அம்மா சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும், எங்கம்மா தேடுவாங்க." அவர் தாயார் இறந்து பல்லாண்டு ஆகிவிட்டது. மாணவர் என்ன சொல்வார்?

"உங்க அம்மா இறந்துட்டாங்களே" என்றால், அந்தத் துக்கம் அவருக்கு இன்றைக்குப் புதிதாக நடக்கிறது. "சாயந்திரம் கூட்டிட்டுப் போறேன்" என்று பொய் சொன்னால், சாயந்திரம்வரை கதவருகே நிற்பார். மூன்றாவது வழி ஒன்று உண்டு. "அம்மா தேடுவாங்கன்னு கவலையா இருக்காம்மா? உங்கம்மா என்ன சமைப்பாங்க?" அவர் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டே, "வாங்க, அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் கீரை ஆயலாம்" என்று கூட நடப்பது. அதோடு, இந்தப் பேச்சு எந்த நேரத்தில் வருகிறது என்றும் மாணவர் கவனிக்க வேண்டும். பசியா, சிறுநீர் கழிக்க வேண்டுமா, பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிறதா, வீட்டில் சத்தம் அதிகமா? அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கும்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் 1990-களில் முன்வைத்தது இதைத்தான்: நோயின் பாதிப்போடு, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் சேர்ந்துதான் அந்த மனிதரின் நிலையைத் தீர்மானிக்கிறது. அவர் குழு உருவாக்கிய டிமென்ஷியா கேர் மேப்பிங் முறையில், கவனிப்பவர் ஓரமாக உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த முதியவர் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறிப்பார். முறையாகச் செய்யத் தனிப் பயிற்சி தேவை. ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேரம் மாணவரை வெறுமனே உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எத்தனை வரிகளில் 'சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று வருகிறது, எத்தனை பேர் அவரைத் தாண்டி நடந்துபோனார்கள், பேசியவர்களில் எத்தனை பேர் அவரிடம் பேசினார்கள் என்பதைப் பார்த்தாலே மாணவருக்குப் பாதிப் பாடம் வந்துவிடும்.

கண்ணாடியை மங்கலாக்கி, கையுறை போட்டு, காதில் இரைச்சலை வைத்து 'டிமென்ஷியாவை உணரும்' பயிற்சிகள் சில இடங்களில் நடக்கின்றன. என் கருத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது. அது பயத்தைத் தருகிறது. 'ஐயோ பாவம்' என்ற உணர்வோடு வரும் மாணவர், முதியவரிடம் மிஞ்சியிருக்கும் திறமையைப் பார்க்க மாட்டார்.

படி 4: குடும்பத்திடம் வாழ்க்கைக் கதை கேட்கும் முறை

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "டிவி பார்ப்பாங்க" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் எதைக் கையில் எடுப்பார்? எந்த வேலையை மற்றவர்கள் செய்தால் குறை கண்டுபிடிப்பார்? பண்டிகைக்கு எந்தப் பலகாரம் இவர் பொறுப்பு? கையில் பணம் இருந்தால் எங்கே முடிந்துவைப்பார்? இப்படிக் கேட்டால் வேலைகள் வெளியே வரும்.

வகுப்புக்கு ஒரு மாதிரிக் கேஸ் வைக்கலாம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மதியமானால் வெளியே கிளம்பிவிடுகிறார், வீட்டில் பூட்டு போடுகிறார்கள், அவர் கதவை உதைக்கிறார். 'அலைந்து திரிதல்' என்று குறிப்பெழுதினால் அடுத்து மாத்திரைதான். முப்பது வருடம் நடந்த கால்கள் என்று பார்த்தால், பேரனோடு தினமும் ஒரு நடை, கையில் ஒரு பை, திரும்பி வந்ததும் மேஜையில் பழைய கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலை என்று ஒரு மதியம் உருவாகும்.

படி 5: அளவுகோல்கள், இப்போதுதான்

மாணவர் இங்கே ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். கிழமை, மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது போன்ற கேள்விகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கையெழுத்துகூடப் போடத் தெரியாத பாட்டிக்கு அதை வைத்துக் குறைந்த மதிப்பெண் போட்டால், அது அவர் மூளையைப் பற்றிச் சொல்வதைவிட அவருக்குக் கிடைக்காத படிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து முதியவர்களின் வாழ்க்கையை ஒட்டி அன்றாடத் திறன் அளவுகோல் ஒன்று, ஈஸி என்ற பெயரில், உருவாக்கப்பட்டதே இந்தச் சிக்கலால்தான். குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புவது அது. ஓ.டி. மாணவருக்கு மிகவும் பொருத்தமானது.

வலிக்கு பெயின்-ஆட் கற்றுக்கொடுங்கள். சொல்லத் தெரியாதவரின் மூச்சு, முனகல், முகம், உடல், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவது. கோபம் என்று நினைத்தது பல்வலியாக இருந்த கதைகள் எல்லா வார்டிலும் உண்டு. பார்த்துக்கொள்பவரின் சுமைக்கு ஸாரிட் கேள்வித்தாள் இருக்கிறது. அதை மாமியார் முன்னால் மருமகளிடம் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

படி 6: குளியல்

இதற்குத் தனிப் படி ஒதுக்கக் காரணம் இருக்கிறது. வீட்டில் சண்டையும் அடியும் அதிகமாக நடக்கும் இடம் குளியலறை. மாணவர்கள் மிகவும் கூச்சப்படும் இடமும் அதுதான்.

அவர் நிலையிலிருந்து பாருங்கள். யாரோ வந்து சேலையை இழுக்கிறார்கள், ஈரத் தரை, எதிரொலிக்கும் சத்தம், திடீரென்று தலையில் ஒரு சொம்பு நீர். யாராக இருந்தாலும் கையை ஓங்குவார்கள். மாணவர்கள் ஆடையோடு, தண்ணீர் இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒத்திகை பார்க்கட்டும். துண்டு, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் முதலிலேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வழுக்காத முக்காலி அல்லது நாற்காலி. வெதுவெதுப்பான நீர். தோளைச் சுற்றி ஒரு துண்டு, அது நனைந்தாலும் பரவாயில்லை. கால் பாதத்திலிருந்து ஊற்றத் தொடங்கி மேலே வருவது, தலைக்கு என்று தனி நாள் வைத்துக்கொள்வது. மக்கை அவர் கையிலேயே கொடுப்பது. முகத்தை அவரே கழுவட்டும். ஒவ்வொன்றையும் செய்யும் முன் சொல்லிவிடுவது: "இப்ப முதுகுக்கு ஊத்தறேம்மா."

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இருபது நிமிடம் கழித்து வேறொருவர் வந்து கேட்டால் பல நேரம் ஒத்துக்கொள்வார். அன்றைக்கு முடியாவிட்டால் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லும் தைரியமும் மாணவருக்கு வேண்டும். பாட்டிக்கு ஆண் மாணவர் உதவும் சூழல் வந்தால், வீட்டுப் பெண் ஒருவரைச் செய்ய வைத்து வெளியில் நின்று வழிகாட்டலாம். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும்.

படி 7: வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்

வீட்டில் மாணவர் கண் எங்கே போக வேண்டும்? படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு இரவில் வெளிச்சம் இருக்கிறதா? வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறைக் கோப்பை இருந்தால் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது, இருக்கையை வேறு நிறத்தில் மாற்றலாம். வாசலில் கறுப்பு மிதியடி இருந்தால் குழி என்று நினைத்துத் தாண்டக்கூடும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை அந்நியர் என்று பயந்தால் ஒரு துணி போட்டு மூடலாம். ஆள் இல்லாத நேரத்தில் காஸ் ரெகுலேட்டரை மூடிவைப்பது, சட்டைப்பையிலோ வளையத்திலோ பெயரும் போன் நம்பரும் வைப்பது. இவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது.

மாணவர்கள் இங்கே தவறாமல் செய்வது ஒன்று: பதினைந்து ஆலோசனைகளை அடுக்கிவிடுவார்கள். இரவெல்லாம் தூங்காத மருமகளுக்கு அது இன்னொரு சுமை. ஒரு வருகைக்கு ஒரு மாற்றம் போதும், அதுவும் அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் அவர் சொல்வதைக் கேட்பதுதான் சிகிச்சை. முதியோருக்கான உதவி எண் 14567, மனநல உதவிக்கு டெலி-மானஸ் எண் 14416, இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும்.

'குணமாகாத நோய்க்கு நாம் என்ன செய்துவிட முடியும்' என்று கேட்கும் மாணவருக்கு ஆய்வுகளைக் காட்டுங்கள். நெதர்லாந்தில் மாட் கிராஃப் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வாரத்தில் வீட்டிலேயே பத்து அமர்வு ஓ.டி. கொடுத்ததில், முதியவர்களின் அன்றாடச் செயல்பாடும் பார்த்துக்கொள்பவர்களின் நம்பிக்கையும் கூடின. அமெரிக்காவில் லாரா கிட்லின் உருவாக்கிய டாப் முறையில், அந்த ஆளுக்கென்றே தைத்த வேலைகளை எட்டு அமர்வுகளில் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். சிந்தனையைத் தூண்டக் குழுவாகச் செய்யும் காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி, ஏழு வாரத்தில் பதினான்கு அமர்வு கொண்டது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் அதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறது.

படி 8: களப்பயிற்சியை அமைக்கும் விதம்

உலக ஓ.டி. கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் டிமென்ஷியாவுக்கு நாம் ஒதுக்கும் நேரத்தைப் பல பேருக்குப் பிரித்துக்கொடுப்பதைவிட, ஒரு மாணவருக்கு ஒரே முதியவர் என்று பல வாரங்களுக்குத் தொடர்ச்சியாகக் கொடுங்கள். தினம் ஒரு கேஸ் பார்த்தால் நோய்தான் தெரியும். ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் நல்ல நாளும் கெட்ட நாளும், எது உதவுகிறது என்பதும் தெரியும்.

ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் உட்கார்ந்து பேச நேரம் வைக்க வேண்டும். அடி வாங்கிய மாணவர் இருப்பார், தன் பாட்டியை நினைத்து அழுதவர் இருப்பார், கூடவே இருந்த முதியவர் ஒரு நாள் இறந்தும் போவார். "இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அடித்தார் என்றால் அதற்கு முன் என்ன நடந்தது, யார் அருகில் இருந்தார், என்ன சத்தம் இருந்தது, பின்னால் என்ன நடந்தது என்று சேர்ந்து எழுதிப் பாருங்கள். அழுகை என்றால் எழுத ஒன்றுமில்லை, கூட இருந்தால் போதும்.

மதிப்பிடும்போது கேஸ் ஷீட்டின் பக்கங்களை எண்ண வேண்டாம். மாணவர் ஒரு முதியவரோடு ஒரு வேலையைச் செய்வதை நேரில் பாருங்கள். காத்திருக்கிறாரா, தேவைக்கு மேல் உதவுகிறாரா, முகம் மாறும்போது கவனிக்கிறாரா, வேண்டாம் என்றபோது நிறுத்துகிறாரா? குடும்பத்தாரிடமும் கேளுங்கள், அவர்கள் சொல்வதற்கு மதிப்பெண்ணில் இடம் கொடுங்கள்.

போஸ்டிங் முடியும்போது மாணவர் சொல்லாமல் கொள்ளாமல் மறையக் கூடாது. முதியவருக்கு நாள் கணக்கு தெரியாமல் இருக்கலாம், வந்துகொண்டிருந்த ஒரு ஆள் வரவில்லை என்பது தெரியும். கடைசி வாரத்தில் ஒவ்வொரு முறையும் விடைபெறுவதைச் சொல்ல வேண்டும், அடுத்து வரும் மாணவரைக் கூடவே கூட்டிப்போய் ஒரு அமர்வாவது சேர்ந்து செய்ய வேண்டும். குடும்பத்திடமும் அடுத்த மாணவரிடமும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிய குறிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார், எந்த வேலையை எந்தப் படிவரை தானே செய்வார், எந்த இடத்தில் எவ்வளவு உதவி, எதைக் கண்டால் பயப்படுவார், பயந்தால் எதைச் செய்தால் அடங்குவார். மருத்துவச் சொல் ஒன்றுகூட இல்லாமல், பத்தாவது படிக்கும் பேத்தி வாசித்தாலும் புரிகிற மாதிரி அது இருக்க வேண்டும்.